திருப்பி எறிந்த பந்து

அமெரிக்கா வந்து முதன்முதலாக பேஸ்பால் பார்க்கப் போன அன்று, என் மடியில் வந்து விழுந்த பந்தை நான் மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிந்தேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். நான் எப்பேர்ப்பட்ட அசடு என்று தெரிந்துகொள்வார்கள். என்னைப்போல் சேப்பாக்கம் கேலரியில் வெயில் காய்ந்தவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் சிக்ஸர் கேலரிக்கு வந்தால் பந்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். பேஸ்பாலில் கேலரிக்கு வந்த பந்து பிடித்தவனுக்கே சொந்தம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சாகிறவரை கதை சொல்வார்கள். அதிலும் அன்று வந்தது, எங்கள் ஊர் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அடித்த முதல் ஹோம் ரன், அதாவது அவர்கள் ஊர் சிக்ஸர். அந்தப் பந்துக்காக நாலு வரிசை தள்ளியிருந்தவர்கள்கூட மேலே விழுந்தார்கள். அது என் மடியில், பாதி தின்ற பாப்கார்ன் டப்பாவுக்குள் வந்து உட்கார்ந்தது. நான் எழுந்து, தோளைச் சுழற்றி, ஆட்டம் நிற்கக்கூடாதே என்ற பொறுப்போடு எறிந்தேன்.

கேலரி முழுக்க ஒரே சத்தம். பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்திக் காட்டினேன். கூட வந்த ஆபீஸ் நண்பர்கள் என்னைத் தெரியாதவர்கள் மாதிரி செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கை உயர்த்தலிலிருந்துதான் என் உத்தியோகம் ஆரம்பித்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு “ரிடையர் ஆயிட்டீங்க, சும்மாதானே இருக்கீங்க, உங்க சர்வீஸ் பத்தி எழுதுங்க சார்” என்று கேட்டார்கள். சும்மா இருப்பதற்காகத்தானே ரிடையர் ஆனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நான் பார்த்த வேலையே இப்போது மாறிவிட்டது. ஆட்டக்காரர் வீட்டு சோபாவில் இருந்தபடியே போன் திரையில் ஆஸ்பத்திரிக் குழந்தைக்குக் கை ஆட்டுகிறார். நல்லதுதான். ஃப்ரீவேயில் டிராஃபிக் குறையும்.

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் நான் ஒழுங்காக விளக்கியதில்லை. “பேஸ்பால் டீம்ல இருக்கேன்” என்றால் என் தொப்பையைப் பார்ப்பார்கள். டீமின் சமூக சேவைப் பிரிவில் இருந்தேன். ஆட்டக்காரர்களை ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கூட்டிப்போய், பத்திரமாகக் கூட்டி வருவது. டிரைவர், மொழிபெயர்ப்பாளர், பை தூக்குகிறவர், பல்லைக் காட்டுகிறவர், எல்லாம் நான்தான். என் மனைவி இதை ஒரே வார்த்தையில் சொல்வாள்: “மாப்பிள்ளைத் தோழன்.”

பந்து எறிந்த அன்று என்னைத் தேடி வந்தவர் குளோரியா. அந்தப் பிரிவின் தலைவி. குள்ளமான உருவம், கையில் எப்போதும் ஐஸ் கட்டி நிறைந்த ஒரு பெரிய கப். இந்த மாதிரி முக்கியமான பந்தைப் பிடித்தவரிடம் பேரம் பேசி, கையெழுத்துப் போட்ட பேட், தொப்பி எல்லாம் கொடுத்து, பந்தை வாங்கி ஆட்டக்காரரிடம் சேர்ப்பது அவர் பொறுப்பு. பேட்டும் தொப்பியுமாக மூச்சு வாங்க வந்து நின்றார். குளோரியா பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இத்தனை வருடம் கூட இருந்ததில் என் காதில் அது தமிழாகவே தங்கிவிட்டது.

“பந்தை ஏன்பா எறிஞ்ச?”

“பந்து இல்லாம எப்படி விளையாடுவாங்க மேடம்?”

குளோரியா சிரிக்கவில்லை. ஒரு ஐஸ் கட்டியைக் கடித்தார். பேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தன் விசிட்டிங் கார்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு மில்பிடாஸில் நான் வேலை பார்த்த கம்பெனி என்னையும் சேர்த்து ஒரு மாடியையே வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தக் கார்டு பர்ஸில் இருந்தது. இன்டர்வியூவில் ஒரே கேள்விதான். “பேஸ்பால் ரூல்ஸ் கத்துக்கிட்டயா?” இல்லை என்றேன். “அப்ப ஆட்டோகிராஃப் கேட்டு தொல்லை பண்ண மாட்டே. வா.”

வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தவறான ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை கூட்டிப்போனேன். அங்கேயும் குழந்தைகள் இருந்தார்கள், சந்தோஷப்பட்டார்கள். பார்க்கிங் டிக்கெட் நிறைய வாங்கினேன்.

ஆனால் குளோரியாவின் நடைமுறையை எழுதியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் ஏறியதும் ஆட்டக்காரரின் கையைப் பிடித்துப் பார்ப்பார். மோதிரம், வாட்ச் எல்லாம் கழன்று என் பைக்குள் வந்துவிட வேண்டும். வாயில் சூயிங் கம் இருந்தால் என் உள்ளங்கைக்கு வரும். அப்போதே கண்டிஷன்களைச் சொல்லிவிடுவார். என்ன வியாதி என்று கேட்கக்கூடாது. சீக்கிரம் குணமாகிவிடும் என்று சொல்லக்கூடாது, அது நம் கையில் இல்லை. உனக்காக ஹோம் ரன் அடிக்கிறேன் என்று சத்தியம் பண்ணக்கூடாது, அதுவும் நம் கையில் இல்லை. நின்றுகொண்டு பேசக்கூடாது, குழந்தையின் கண்ணுக்குக் கீழே நம் கண் இருக்கிற மாதிரி உட்கார வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்க வேண்டும். உள்ளே அப்பா அம்மா “வாங்க வாங்க” என்று எழுந்து வந்தாலும் போகக்கூடாது. குழந்தையைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்: உள்ளே வரலாமா? வேண்டாம் என்றால், சந்தோஷமாக முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும்.

“ஊசி போடறவன் கேக்கறதில்ல. ரத்தம் எடுக்கறவன் கேக்கறதில்ல. டாக்டர் கேக்கறதே இல்ல,” என்பார் குளோரியா. “அந்தப் புள்ளை ‘போடா’ன்னு சொல்லி அனுப்பக்கூடிய ஒரே ஆளுங்க நாமதான். அந்தச் சந்தோஷத்தை அதுக்குக் குடுக்கணும்.”

நான் பார்த்ததில், இதை மனதார ரசித்த ஒரே ஆட்டக்காரன் வெஸ்லி. அந்த முதல் ஹோம் ரன் அடித்த பையன்தான். விளையாட்டில் அவன் கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரி, முகமூடி போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குந்தியிருக்கிற வேலை. முழங்கால் போய்விடும், விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையைக் காட்டும். ஊரில் இருக்கிற வாரமெல்லாம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவான். எந்தக் குழந்தையாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவன் முகம் மலர்ந்துவிடும். “நல்ல தெம்பா இருக்கு, பாத்தியா?” என்பான். அவன் ஆங்கிலமும் என் காதில் தமிழாகிவிட்டதுதான்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். சிரிப்பதுதான். கன்னம் வலிக்கும். போன வாரம் சிரித்துவிட்டு வந்த அறையில் இந்த வாரம் படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கும். நர்ஸ் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். அடுத்த கதவைத் தட்டி மறுபடி சிரிக்க வேண்டும். திரும்பி வரும்போது காரில் வெஸ்லியும் நானும் மட்டும். அவன் வலிக்கிற விரல்களை ஏசி காற்றில் காட்டிக்கொண்டு வருவான். வீட்டுக்கு வந்தால் மனைவி, “ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்பாள். எப்படியும் இல்லை, அன்றைக்கு வேலை முடிந்த முகம் அது.

யாழினியின் கதவை நாங்கள் தட்டியபோது அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்காக வந்திருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு துள்ளல். உள்ளேயிருந்து அவள் அம்மா கல்பனா, என் பேட்ஜில் பெயரைப் பார்த்துவிட்டு, “ஐயோ, தமிழா நீங்க? வாங்கண்ணா, வாங்க!” என்று எழுந்துவிட்டார். பிளசன்டனில் வீடு, கணவனும் மனைவியும் ஐ.டி. நான் சட்டப்படி வாசலிலேயே நின்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“நோ தேங்க்ஸ்,” என்றாள். “ஐ டோன்ட் லைக் பேஸ்பால்.”

“யாழினி! என்ன பேச்சு இது? அங்கிள் எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க!”

வெஸ்லி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மலர்ந்த முகத்தோடு நகர்ந்தான். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த முறை அவள் கேட்டாள்: “டூ யூ நோ ரம்மி?”

அப்பா சொல்லிக்கொடுத்த ஆட்டமாம். தொற்று பயத்தால் ஒவ்வொரு முறையும் பிரிக்காத புதுச் சீட்டுக்கட்டு கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு மாஸ்க், கையுறை; அவளுக்கும் மாஸ்க். வெஸ்லியின் கோணல் விரல்களில் பதின்மூன்று சீட்டு நிற்காது. ஒன்று எடுத்தால் மூன்று விழும். விழுந்ததையெல்லாம் யாழினி பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஆடி ஜெயிப்பாள். ஒருநாள் அவளைச் சிரிக்க வைக்க நான் பந்து எறிந்த கதையைச் சொன்னேன். மாஸ்குக்கு மேலே அவள் கண்கள் விரிந்தன.

“ஹிஸ் ஃபர்ஸ்ட் ஹோம் ரன்? அங்கிள், யூ ஜஸ்ட்... த்ரூ இட்?”

“ஆட்டம் நின்னுடுமேம்மா!”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெஸ்லி, “அதுக்கு நான் ஒரு பேட்டு மிச்சம் பண்ணேன்,” என்றான். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அவள் வேண்டாத சீட்டை என் பக்கம் தூக்கிப் போட்டு, “கேட்ச் பண்ணி வெச்சுக்கோங்க அங்கிள், எறியாதீங்க,” என்பாள். ஆங்கிலத்திலேயே பேசுகிற பெண், கிண்டலுக்கு மட்டும் தமிழை வைத்திருந்தாள்.

அந்த வருடம்தான் வெஸ்லியின் பெயர் பெரிய விருதுக்குப் போனது. எல்லா டீம்களிலிருந்தும் ஒவ்வொருவராகப் பார்த்து, சமூக சேவைக்காக ஒரே ஒரு ஆட்டக்காரருக்குத் தரும் கௌரவம். கிடைத்தால், ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள் தங்க அவன் நடத்திவந்த வீட்டுக்குப் பெரிய நன்கொடை வரும். அதற்கு ஒரு சின்னப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்துக்கு ஒரு குழந்தை வேண்டும். கேமரா என்றாலே ஓடுகிற வெஸ்லி, “யாழினி ஒத்துக்கிட்டா சரி. வேற யார்னாலும் வேணாம்,” என்றான்.

குளோரியா என்னைப் பார்த்தார். “உன் பாஷைக்காரங்க. நீ பேசு.”

நான் கல்பனாவை ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்காரவைத்துக் கேட்டேன்.

“அதுக்கென்ன அண்ணா, தாராளமா எடுத்துக்கோங்க. நீங்க ரெண்டு பேரும் எங்களுக்கு இவ்ளோ பண்றீங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?” என்றார். காபியைக் கையில் எடுத்துக் குடிக்காமல் வைத்தார். “எங்கெங்க போடுவாங்க?”

“டி.வி.ல வரும். ஸ்டேடியத்துல பெரிய ஸ்கிரீன்ல போடுவாங்க.”

“ஓ.”

“ஏம்மா, ஏதாவது...”

“இல்லண்ணா... இவளுக்கு இப்படின்னு யாருக்கும் தெரியாது. கான்கார்ட் கோயில் பக்கம்கூட நாங்க போறதில்ல, யாராவது கேட்டுடுவாங்கன்னு. அப்பார்ட்மென்ட்ல, ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சென்னையில அத்தை வீட்ல இருக்கா, ஒரு வருஷம் அங்க படிக்கறான்னு சொல்லி வெச்சிருக்கோம். பொம்பளைப் புள்ள. நாளைக்கு அவளுக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்குல்ல? பரவால்ல, நீங்க எடுங்க. நீங்க கேட்டு இல்லேன்னு சொன்னா நல்லா இருக்காது.”

கல்பனாவின் சம்மதத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன்தான். என் சித்தப்பாவுக்குக் காசநோய் வந்தபோது ஊருக்கெல்லாம் அவர் பம்பாயில் இருந்தார்.

மேலே அறைக்குப் போனேன். யாழினி தனியாகச் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு வெஸ்லி மூலம் ஏற்கெனவே வந்திருந்தது.

“அங்கிள், அந்த வீடியோ... என் ஸ்கூல் கிட்ஸ் பார்ப்பாங்களா?” கிண்டல் இல்லாமலே தமிழில் கேட்டாள்.

பாவம், குழந்தை பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். “நீ பயப்படாதேடா. யாரும் பார்க்க மாட்டாங்க. அங்கிள் பாத்துக்கறேன்.”

அவள் என்னவோ சொல்ல வந்து, சீட்டைக் கலைத்துப் போட்டாள். “ஓகே,” என்றாள்.

சாயங்காலம் குளோரியாவின் அறையில் நின்று, கேமராக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லும்படி கேட்டேன். வெஸ்லி முழங்காலில் ஐஸ் மூட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் கால் நீட்டியிருந்தான்.

“அவ வேணாம்னா சொன்னா?” என்றான். “படத்தைப் பத்திச் சொன்னப்ப என்கிட்ட ஜாலியா பேசினாளே. நல்ல தொப்பி எடுத்துட்டு வான்னு சொன்னா.”

“யார் வேணாம்னு சொன்னது? அம்மாவா, பொண்ணா?” என்று கேட்டார் குளோரியா.

அப்போது நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அமெரிக்காவில் வெள்ளை, கறுப்பு யாரும் எதிர்த்துப் பேச முடியாத வாக்கியம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. நம்மவர்கள் மாமியாரைக் காரணம் காட்டி லீவு எடுப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவார்கள். “எங்க கல்ச்சர்ல அப்படித்தான். அம்மா வேற, பொண்ணு வேற கிடையாது.”

வெஸ்லி தலையைத் தாழ்த்திக்கொண்டான். குளோரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பில் கை விட்டார், ஐஸ் எடுத்தார், கடிக்கவில்லை. “சரி. உனக்குத் தெரியும்,” என்றார்.

வெஸ்லி ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதைப் படமெடுத்து அனுப்பினார்கள். விருது அவனுக்கே கிடைத்தது. மைதானத்தின் நடுவில் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது. பெரிய திரையில் அவன் சுவருக்கு நீல வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். அவன் அதைப் பார்க்கவே இல்லை. மைக்கில், “நான் வெறும் சீட்டாடினேன். நன்றி,” என்று சொல்லிவிட்டு இறங்கினான். அது என்ன ஜோக் என்று பத்திரிகைக்காரர்கள் என்னைக் கேட்டார்கள்.

யாழினிக்கு மஜ்ஜை ஒத்துக்கொண்டது. குணமாகி வீட்டுக்குப் போனாள். கல்பனா ஒரு டப்பா மைசூர்பா அனுப்பினார். அதில் ‘நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டோம்’ என்று ஒரு சீட்டு. முழு டப்பாவையும் நானே தின்றேன். சம்பாதித்தது அல்லவா?

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புது ஆளுக்கும் பெயரில்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். டெக்சாஸில் வேறொரு டீமில் இதே வேலைக்குச் சேர்ந்த நம்ம பையன் ஒருவன் போன் பண்ணி டிப்ஸ் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். வாய் ‘சரி’ என்று சொல்லும்போது மனசு என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும், தம்பி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே நான் பெரிய மனிதனாகத் தெரிந்த கதை இது ஒன்றுதான். மற்றதிலெல்லாம் பாப்கார்ன் இருக்கிறது.

போன வருடம் பிரிவில் ஆள் குறைத்தார்கள். வயது இருந்தாலும் எனக்கும் அலுத்துவிட்டது, கை தூக்கிவிட்டேன். ஸ்டேடியத்து சாப்பாட்டு அறையில் சின்னதாக ஒரு விருந்து. குளோரியா எனக்கு முன்பே ரிடையர் ஆகி ஊரோடு போய்விட்டார். ஐஸ் கப் ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருந்தார். வெஸ்லி நொண்டிக்கொண்டே வந்தான். விளையாட்டை விட்டு நாளாகியும் ஆஸ்பத்திரியை விடவில்லை. பரிசாக ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கையில் கொடுத்தான். உள்ளே, அன்று நான் எறிந்து அவன் கைக்கே போய்ச் சேர்ந்த அந்தப் பந்து.

“இந்தத் தடவையாவது வெச்சுக்கோ,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, “அந்தக் கதையைச் சொல்லுங்க” என்று சின்னவர்கள் கத்தினார்கள். பந்துக் கதையைச் சொன்னேன். கைதட்டல் நன்றாக இருக்கவே, ஒரு அம்மாவும் மகளும் என்று ஆரம்பித்து மற்றதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது வெஸ்லி மட்டும் கை தட்டாமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே உயரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். அவன்தான் வரச் சொல்லியிருக்கிறான்; எனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று. ஹூஸ்டனில் காலேஜ் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். தோள் வரைக்கும் முடி வளர்ந்திருந்தது. கண்ணைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். மாஸ்குக்கு மேலே நான் பார்த்ததெல்லாம் அந்தக் கண்கள்தானே.

“யாழினி! எவ்ளோ பெரிய பொண்ணாயிட்டே! அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க அங்கிள்.” தமிழிலேயே பேசினாள், ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி. “நீங்க சொன்ன கதை ஃபுல்லா கேட்டேன்.”

“உன் பேரைச் சொல்லவே இல்லையே, கவனிச்சியா?”

“கவனிச்சேன்.” சிரித்தாள். “ஸ்கூலுக்குத் திரும்பிப் போனப்போ எல்லாரும் சென்னை எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. நான் சென்னை பார்த்ததே இல்ல. நெட்ல தேடித் தேடி பதில் சொன்னேன். மெரினா பீச் பத்தி ஒரு ரிப்போர்ட்கூட எழுதினேன், ஏ கிரேடு. என் பெஸ்ட் ஃப்ரெண்டு நான் ஒரு போன்கூட பண்ணலைன்னு பேசறதையே விட்டுட்டா. அந்த வீடியோ வந்தா அவ பார்ப்பா, தெரிஞ்சுப்பான்னு நினைச்சேன். அதுக்குத்தான் ஸ்கூல் கிட்ஸ் பார்ப்பாங்களான்னு கேட்டேன்.”

கன்னம் வலிக்கச் சிரித்துப் பழகிய முகம், அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது என்று நினைக்கிறேன். “நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா,” என்றேன்.

அவள் என் கையிலிருந்த கண்ணாடிப் பெட்டியை விரலால் ஒருமுறை தட்டினாள்.

“இந்த பால் உங்களோடது அங்கிள், தூக்கிப் போட்டீங்க, ஓகே. வீடியோ என்னோடது.”